நாய்க்கடிக்கு ஊசி கேட்கிறோம், நாய்க்கு ஊசி யார் கேட்பது?

தெருநாய் என்று பேச்செடுத்தாலே ஊர் இரண்டு கட்சியாகிவிடுகிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினோரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. வெறி பிடித்ததையும் ஆளைப் பாய்ந்து கடிப்பதையும் தவிர மற்றவற்றுக்குக் கருத்தடை, தடுப்பூசி முடித்து, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களுக்கு மட்டும் தனி உத்தரவு: அங்கே பிடித்ததை அங்கேயே திருப்பி விடக் கூடாது. ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு கட்சி பட்டாசு வெடித்தது, இன்னொரு கட்சி அழுதது. இத்தனை கூச்சலில் 'ரேபிஸ்' என்ற சொல் எத்தனை தடவை காதில் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாய்த்தொல்லை வேறு, ரேபிஸ் வேறு. முதலாவது தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது அறிகுறி தெரிந்த பிறகு கிட்டத்தட்ட யாரையும் விட்டுவைப்பதில்லை.

2024-இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், ரேபிஸ் மரணம் 43. கடிபட்ட அத்தனை பேருக்கும் ஊசி போட்டாக வேண்டும், அதில் பேரமே கிடையாது. 'ஊசிக்குச் செலவழிக்கிற காசை நாய் பக்கம் திருப்பினால் என்ன' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடிபட்ட குழந்தை வாசலில் நிற்கும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆனால் அந்த ஊசியையாவது சரியாகப் போடுகிறோமா என்று பார்த்தால், ஓட்டை அங்கேயே தொடங்குகிறது.

முதல் மருந்து சோப்பும் தண்ணீரும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்பு நுரைக்க நுரைக்க 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மூன்று நிமிடத்திலேயே கை சலித்துப்போகும், கடிகாரம் பார்த்துத்தான் கழுவ வேண்டும். நம் ஊரில் இந்தப் பதினைந்து நிமிடம் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி தேடுவதில் போய்விடுகிறது. கெட்டியாகத் துணி கட்டுவதும் உடனே தையல் போடுவதும் கெடுதல்.

அடுத்தது ஊசி. 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்ற பயம் இன்னும் ஊரில் உலவுகிறது. அந்தப் பழைய நரம்புத் திசு மருந்தைக் கைவிட்டு இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடுகிற முறை: இரண்டு கையிலும் தலா 0.1 மி.லி., 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ஊசி சரியாக இறங்கியிருந்தால் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகச் சின்னதாகப் புடைக்கும். புடைக்கவில்லை என்றால் மருந்து ஆழமாகப் போய்விட்டது, திரும்பப் போட வேண்டும். புட்டத்தில் போடவே கூடாது, அங்கே கொழுப்பு அதிகம், மருந்து எடுபடாது.

இதில் யாரும் பேசாத சங்கடம் ஒன்று இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 0.2 மி.லி.தான் வேண்டும். உடைத்த குப்பியோ சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும், அதற்குள் தீர்க்க வேண்டும். சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே ஒருவர் வந்து நின்றால் மீதி வீண். அதனால் 'நாளைக்கு வாங்க, இன்னும் ரெண்டு பேர் சேரட்டும்' என்ற பதில் பிறக்கிறது. மருந்தை வீணாக்க மனமில்லாத நல்ல எண்ணம்தான், ஆனால் அது உயிரோடு விளையாடுவது. குப்பி வீணானால் ஏன் என்று கேட்காத மேலதிகாரி இருந்தால்தான் இது நிற்கும்.

பெரிய ஓட்டை சீரம். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. உடம்பு தானாக எதிர்ப்பு சக்தி உண்டாக்க ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை காவல் இருப்பது இந்தச் சீரம், அதாவது எதிர்ப்பு சக்தியைத் தயாராகவே கொடுக்கும் இம்யூனோகுளோபுலின். அதைக் காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் ஏற்ற வேண்டும், கையில் ஒரு ஊசியாகக் குத்திவிட்டு அனுப்புவதில் பயனில்லை. குதிரைச் சீரம் என்றால் எடை கிலோவுக்கு 40 யூனிட். 15 கிலோ குழந்தைக்கு 600 யூனிட், மி.லி.க்கு 300 யூனிட் உள்ள மருந்தில் வெறும் 2 மி.லி. அந்தக் குழந்தைக்கு முகம், கை, தொடை என்று ஆறு இடத்தில் கடி இருந்தால் 2 மி.லி. எப்படிப் போதும்? சலைன் கலந்து அளவைப் பெருக்கி, ஒரு காயம் விடாமல் ஏற்ற வேண்டும். விட்டுப்போன ஒரே காயம் போதும், கிருமி நரம்பைப் பிடித்துக்கொள்ள. முகத்துக் கடியில் மூளைக்குத் தூரம் குறைவு, அவகாசமும் குறைவு. முதல் நாள் சீரம் கிடைக்காவிட்டாலும் முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு பலனில்லை.

'நாய் நல்லாத்தானே இருக்கு, பத்து நாள் பார்ப்போம்' என்பது பாதி உண்மை. நாயைப் பத்து நாள் கவனிப்பது சரி, ஆனால் ஊசியை அன்றே தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும். 'குட்டிதானே' என்பது முழுப் பொய். தடுப்பூசி போடாத குட்டியைத்தான் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சுகிறார்கள்.

இதெல்லாம் பிசகில்லாமல் நடந்தாலும் நாளைக்கு வரும் கடி ஒன்றுகூடக் குறையாது. மனிதருக்குப் போட்ட ஊசி நாய்களிடையே சுற்றும் கிருமியைத் தொடுவதே இல்லை. அதை நிறுத்த ஒரே வழி நாய்க்கு ஊசி. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். நூறு நாயையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் எழுபதை ஒவ்வொரு வருடமும் பிடிக்க வேண்டும், ஏனென்றால் தெருநாய்க்கு ஆயுள் குறைவு. இந்த வருடம் ஊசி போட்டதில் கணிசமானவை அடுத்த வருடம் இருக்காது, அந்த இடத்தில் ஊசி போடாத குட்டிகள் நிற்கும்.

தடுப்பு வேலையையும் நிவாரண வேலை மாதிரியே செய்கிறோம் என்பதுதான் என் முக்கியமான புகார். புகார் வந்த தெருவுக்கு வண்டி போகிறது. கருத்தடைக்கும் ஊசிக்கும் என்று நாலு நாயைப் பிடிக்கிறது. மறுநாள் வேறு வார்டு, வேறு கவுன்சிலர், வேறு நாலு நாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வார்டில் 400 நாய் என்று வைத்துக்கொள்வோம். எழுபது சதவீதம் என்றால் 280 கருத்தடை. நாளைக்குப் பத்து என்றால் 28 வேலைநாளில் அந்த வார்டு முடிந்துவிடும். அதே 280 அறுவையை இருபது வார்டுக்குப் பிரித்தால் வார்டுக்குப் பதினான்கு. 400-இல் 14! மிச்சமுள்ள பெட்டைகளில் நூறு ஈன்றாலே, தலைக்கு நாலு வீதம் 400 குட்டி. முக்கால்வாசி செத்துப்போனாலும் நூறு மிஞ்சும். அதே டாக்டர், அதே மருந்து, அதே செலவு. ஒரு இடத்தில் வேலை முடிகிறது, இன்னொரு இடத்தில் தொடங்கவே இல்லை. அப்புறம் 'கருத்தடை பண்ணியும் நாய் குறையலையே' என்று பழி திட்டத்தின் மேல் விழுகிறது.

இன்னொன்று, கருத்தடையையும் தடுப்பூசியையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. அறுவைக்கு டாக்டர், கூண்டு, மயக்க மருந்து, சில நாள் பராமரிப்பு எல்லாம் வேண்டும். தடுப்பூசிக்கு வலை, ஐஸ் பெட்டி, பழகிய ஆட்கள் நாலு பேர், விடியற்காலை மூன்று மணி நேரம் போதும். ஊசி போட்டதும் முதுகில் ஒரு சாய அடையாளம். மறுநாள் காலையில் வேறு ஆள் அதே தெருவில் நடந்து, சாயம் உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ண வேண்டும். நூறு கண்ணில் பட்டு எழுபதில் சாயம் இருந்தால் முடிந்தது. இல்லையென்றால் திரும்பப் போக வேண்டும். இந்த எண்ணிக்கைதான் முதலில் கைவிடப்படுகிறது, ஏனென்றால் 'இத்தனை ஆயிரம் ஊசி போட்டோம்' என்ற அறிக்கைக்கு அது தேவைப்படுவதில்லை. பணம் குறைவாக இருந்தால் என் வாக்கு தடுப்பூசிக்கு. நாய்க் கூட்டம் குறைவதற்கு வருடங்கள் ஆகும், கிருமி நிற்பதற்கு அவ்வளவு ஆகாது.

கோவா இதைச் செய்து காட்டியது. வீடு, தெரு என்று பார்க்காமல் வருடத்துக்கு ஏறக்குறைய 95,000 நாய்களுக்கு ஊசி போட்டார்கள். பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், சந்தேக நாயைப் பரிசோதித்தார்கள். 2021-இல் ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் 1973-இல் 377 பேர் ரேபிஸால் இறந்தார்கள். நாய்த் தடுப்பூசி, மனிதச் சிகிச்சை இரண்டையும் விடாமல் நடத்தி, அண்மைக் காலத்தில் அதைச் சில பத்துகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மெக்சிகோ 2019-இல் நாய் வழி ரேபிஸை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இவர்களில் யாரும் காப்பகம் கட்டி இதைச் சாதிக்கவில்லை. சென்னையில் மட்டும் 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் தெருநாய். அத்தனைக்கும் தினம் ஒரு வேளைச் சோறு என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு ஏன் நடப்பதில்லை? மனித ஊசிக்குக் காசு சுகாதாரத் துறையுடையது, நாய் ஊசிக்குக் காசு மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியுடையது. நாய்க்குச் செலவழித்தவருக்கு லாபம் தெரியாது, லாபம் வேறு துறையின் மருந்துக் கணக்கில் போய்ச் சேரும். இதைச் சரிசெய்யப் புதுத் திட்டமெல்லாம் வேண்டாம். நாய்க்கடிப் பதிவேட்டில் கடிபட்டவர் வீட்டு முகவரி எழுதுகிறார்கள். கடித்த இடத்தைத் தெரு பெயரோடு எழுதி, அன்று மாலையே நாய்ப் பிரிவுக்கு அனுப்பினால் போதும். ஒரே தெருவில் ஒரு வாரத்தில் மூன்று கடி, கடித்த நாய் செத்துக் கிடந்தது என்றால், அது புகார் கணக்கு இல்லை. நாயின் தலையை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், சுற்றுவட்டாரம் முழுக்க ஊசி போட வேண்டும், அந்த நாய் வேறு யாரைத் தொட்டது என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும்.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் 'எங்க தெரு நாயைப் பிடிங்க' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நம்ம வார்டில் மொத்தம் எத்தனை நாய், அதில் எத்தனைக்கு இந்த வருடம் ஊசி, மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தது யார், எந்தத் தேதி என்று கேளுங்கள். கூடவே, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்குச் சீரம் எத்தனை குப்பி இருக்கிறது என்றும்.