ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் 10%-ல வருமா? வராதுங்க

"தீசிஸ்ல ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் சிமிலாரிட்டில (மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற சதவீதம்) கணக்காகும், 10% தாண்டாம இருக்க பாதியை வெட்டுங்க"ன்னு பிஎச்டி வாட்ஸ்அப் குரூப்கள்ல ஒரு மெசேஜ் சுத்துது. தப்புங்க. யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) ரெகுலேஷன்லயே ரெஃபரன்ஸ், பிப்ளியோகிராஃபி, பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை எல்லாத்தையும் கணக்குல சேர்க்கக்கூடாதுன்னு இருக்கு, யுஜிசி வெப்சைட்ல பிடிஎஃப் கிடைக்கும், பாத்துக்கோங்க.

சிமிலாரிட்டி ரிப்போர்ட்ல ரெஃபரன்ஸ் பூரா கலர் கலரா வருதேன்னா, அதைச் செக் பண்ற டர்னிட்டின் சாஃப்ட்வேர்ல பிப்ளியோகிராஃபியை விலக்குற ஃபில்டர் ஆஃப்ல இருக்கலாம், இல்ல தலைப்பை அது கண்டுபிடிக்கல. "ரெஃபரன்சஸ்"ன்னு இங்கிலீஷ்ல தனி வரில போட்டு, ஃபில்டரை ஆன் பண்ணி திரும்ப ஓட்டச் சொல்லுங்க. அதுக்குப்போய் ரெஃபரன்ஸை வெட்டினா, எடுத்த கருத்துக்கு சோர்ஸ் இல்லாம நிஜமாவே திருட்டாயிடும், இது தேவையா? அந்த மெசேஜை ஃபார்வர்டு பண்றதை நிறுத்துங்க ப்ளீஸ்.