ஒரு கட்டு செடி வாங்கினால் நத்தைக் குடும்பம் இலவசம்

இன்று காலை மீன் தொட்டியில் தீனியைப் போட்டுவிட்டுக் கையை எடுக்கவில்லை, குப்பி மீன்களுக்கு முன்னால் நத்தை ஆஜர். தண்ணீரின் மேற்பரப்பில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்ட சம்பந்தி மாதிரி, மிதக்கிற தீனியை நிதானமாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறது. காசு கொடுத்து வாங்கிய மீன்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கின்றன.

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையில் நான் வாங்கியது ஒரு கட்டு வாலிஸ்னேரியா, தொட்டிக்குள் நடுகிற செடி. பில்லில் நத்தை இல்லவே இல்லை. ஆனால் இலைக்கு அடியில் நிறமே இல்லாத ஜெல்லிச் சொட்டாக முட்டைக் கொத்து ஒட்டிக்கொண்டு வரும், அதை எவன் கண்டான்? கடைக்காரரிடம் கேட்டால், "அது நல்லது சார், பாசியெல்லாம் சாப்பிட்டுத் தொட்டியைச் சுத்தமா வச்சிக்கும்" என்கிறார். அப்படியானால் உங்கள் தொட்டிக்கே கொண்டுவந்து தருகிறேன் அண்ணே என்றேன். உடனே அவருக்கு ஏதோ போன் வந்துவிட்டது.

பொறுக்கி எறி என்பார்கள். கண்ணாடியில் ஊர்கிற சின்ன நத்தை ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறவி. ஒன்றே ஒன்று தப்பினாலும், துணை இல்லாமலேயே முட்டை வைத்துவிடும். மணலுக்குள் இருக்கிற கூம்பு நத்தை அதற்கும் மேலே. ஆணே தேவையில்லை, முட்டை வேலையும் கிடையாது, நேராகக் குட்டிதான். பகலெல்லாம் மணலுக்குள் தூக்கம், விளக்கை அணைத்ததும் ஊர்வலம்.

அப்புறம் அந்த வெள்ளரிக்காய் வைத்தியம். ராத்திரி ஒரு துண்டு போட்டு வை, காலையில் மொய்த்திருக்கும், அப்படியே தூக்கிவிடு என்றார்கள். போட்டேன். மிதந்தது. ஒரு முள்கரண்டியைச் செருகி மூழ்க வைத்தேன். கரண்டி சாய்ந்து செடியைப் பிடுங்கியது. செடியை நட்டால் மணல் கலங்கியது. மணல் கலங்கியதில் மோலி மீன் மிரண்டு பில்டருக்குப் பின்னால் சொருகிக்கொண்டது. அதை வெளியே எடுத்து முடித்தபோது நடுராத்திரி. தூக்கமா வரும்? செல்போன் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். வந்திருந்தன ஐயா, கூட்டம் கூட்டமாக! இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று விட்டுவைத்தேன். விடிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தூக்கினேன். ராத்திரி முழுக்க ஊறிய துண்டு அது. நடுவில் பிய்ந்தது. பாதி நத்தைகள் பொலபொலவென்று மறுபடி மணலில். மிச்சத்தை பக்கெட்டில் போட்டுத் திரும்பினால், அம்மா சமையலறையிலிருந்து, "பச்சடிக்கு வச்சிருந்த வெள்ளரிக்காய் எங்கடா?"

மற்ற யோசனைகள் இன்னும் பிரமாதம். செம்பு கலந்த மருந்து ஊற்றலாமாம். நத்தை சாகும், கூடவே நான் ஆசையாக வாங்கிய இறால்களும் சாகும். ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு கூம்பு நத்தை மட்டும் தப்பினாலும் ஆச்சரியமில்லை. கேரளத்து ஆறுகளில் கிடைக்கிற குட்டிப் பஃபர் மீன் நத்தையைத் தின்னுமாம். தின்னும், அப்படியே குப்பியின் வாலையும் கடிக்கும். நத்தையைத் தின்னவே இன்னொரு வகை நத்தை இருக்கிறது, அதையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். நத்தையை ஒழிக்க நத்தை வாங்கு! இந்த வியாபாரத்தை யோசித்தவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். "தீனியைக் குறைங்க, தானா குறையும்" என்று வருகிற அறிவாளிகள் வாசலோடு போய்விடவும். நான் போடுவதே சிட்டிகைதான்.

பெரியத்தை ஒருத்திதான் புதுசாகச் சொன்னாள், தொட்டி ஈசானிய மூலையில் இல்லையாம், அதனால்தான் நத்தை வருகிறதாம். இதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும் பதினோரு பேர் கைகூப்பினார்கள். சரி, தொட்டியைப் படம் எடுத்து அந்தக் கடைக்காரருக்காவது அனுப்பலாம் என்று பார்த்தால், போனில் இடமில்லை என்று வருகிறது. எப்படி இருக்கும்? அத்தனையும் சித்தப்பா தினமும் அனுப்புகிற காலை வணக்கம் ரோஜாப்பூ. சித்தப்பா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வீடியோவாக அனுப்புவதையாவது நிறுத்துங்கள்.