இரண்டு நிறுவனங்களிடமா எல்லாப் பனிமலைகளும்?

"அமெரிக்காவின் பனிச்சறுக்கு மையங்கள் எல்லாவற்றையும் வெயில் (Vail), ஆல்டெரா (Alterra) என்ற இரு நிறுவனங்கள் வாங்கிவிட்டன, அதனால் சீசன் பாஸ் (பருவம் முழுவதற்குமான அனுமதிச் சீட்டு) விலை எகிறிவிட்டது" என்ற தகவல் பரவுகிறது. இது தவறு.

அங்கே இயங்கும் மையங்கள் 450-க்கும் மேல். இவ்விரு நிறுவனங்களின் கையில் இருப்பவை, வெளிநாடுகளில் உள்ளவற்றையும் சேர்த்தே, ஏறக்குறைய அறுபதுதான். ஆனால் பெயர்பெற்ற பெரிய மலைகள் பல அவற்றில் அடக்கம் என்பதால்தான் இந்தக் குழப்பம். ஆல்டெராவின் சீசன் பாஸான ஐகான் பாஸ் செல்லுபடியாகும் ஜாக்சன் ஹோல் என்ற மையம் கூட அந்நிறுவனத்தின் சொத்து அல்ல. அது கூட்டாளி மட்டுமே.

விலை விஷயத்தில் நடந்தது தலைகீழ். 2008-இல் வெயில் நிறுவனம் தன் சீசன் பாஸான எபிக் பாஸை 579 டாலருக்கு அறிமுகம் செய்தது. அதற்கு முன் அதன் மலைகளில் முழுப் பருவ அனுமதிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. ஏறியது ஒருநாள் டிக்கெட்தான்: அந்நிறுவனத்தின் வெயில் என்ற மலையில் கூட்டம் மிகுந்த உச்ச நாட்களில் இன்று 300 டாலரைத் தாண்டுகிறது. ஒருநாள் டிக்கெட்டை விலையேற்றி எல்லோரையும் பாஸ் பக்கம் தள்ளி, பனி விழுமா என்று தெரியும் முன்பே பணத்தை வாங்கிவிடுவதற்கான ஏற்பாடு இது. எப்போதாவது ஒருநாள் குழந்தைகளோடு வரும் குடும்பத்தை இது விரட்டுகிறது. எனக்கு இதுவே பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஆனால் பாஸ்களால் மலைகளில் கூட்டம் பெருகிவிட்டது என்ற புகார் பொய்யல்ல. 2021-இல் எபிக் பாஸ் விலை 20 சதவீதம் குறைக்கப்பட்டது. அந்தப் பருவத்துக்குச் சுமார் 21 லட்சம் பாஸ்கள் விற்றன. அதே குளிர்காலத்தில் ஆள் பற்றாக்குறையால், வாஷிங்டன் மாநிலத்தில் வெயிலுக்குச் சொந்தமான ஸ்டீவன்ஸ் பாஸ் என்ற மலையில் பல லிஃப்டுகள் ஓடாமல் நின்றன, வரிசை நீண்டது.