விஎஸ்டி 3-க்கு மாறும் முன் பழைய செஷன்களை ஒருமுறை திறந்து பாருங்கள்

போன மாதம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்து வாங்கி வந்தேன். விண்டோஸ் ஏற்றி, பாட்டைப் பதிவு செய்து மிக்ஸ் செய்யும் ரீப்பர் மென்பொருளை ஏற்றி, அதற்குள் எஃபெக்டும் வாத்தியமும் தரும் சின்ன நிரல்களான பிளகின்களை ஒவ்வொன்றாகப் போட உட்கார்ந்தபோது, நாலைந்து வருடமாகத் தள்ளிப்போட்ட கேள்வி திரையில் வந்து நின்றது. இன்ஸ்டாலர் கேட்கிறது: விஎஸ்டி 2 வேண்டுமா, விஎஸ்டி 3 வேண்டுமா, இரண்டுமா? விஎஸ்டி என்பது பிளகினை மென்பொருளோடு இணைக்கும் வடிவம்; 2 பழையது, 3 புதியது. சிலவற்றில் மூன்றாவதாக கிளாப் என்ற வேறொரு வடிவத்துக்கும் ஒரு கட்டம்.

இத்தனை நாளும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு நெக்ஸ்ட் அடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் தம்பி அன்று பக்கத்தில் இருந்தான். "அண்ணா, இனிமே எல்லாம் விஎஸ்டி 3-தானே? பழசை எல்லாம் மொத்தமா தூக்கிடலாமே?" என்றான். அவனுக்கு அன்று சொன்ன பதில் அவசரமானது. நிதானமான பதில் இதுதான். வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கும் மற்ற நண்பர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அல்சூரில் இரண்டாவது மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஆடித் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு, சர்ச் கொயர், சனி ஞாயிறில் ஐ.டி. பிள்ளைகள் எடுக்கும் குறும்படத்துக்கு டப்பிங், எப்போதாவது நாதஸ்வரக் கச்சேரி. பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

2014-இல் கோலார் தங்கவயலில் இருந்து ஒரு பாட்டி வந்து பாடினார். பேரனுக்கு இங்கே வேலை. அவர்தான் மாரிகுப்பம் பாசஞ்சரில் கூட்டி வந்தார். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகும் லைன் வீட்டை விட்டுப் போகாத குடும்பம். தாலாட்டு, கும்மி, மாரியம்மன் தாலாட்டுக்கு அவர் அம்மா போட்ட மெட்டு என்று பதினோரு பாட்டு. முறையாகச் சங்கீதம் கற்றவர் இல்லை. ஆனால் சுருதி அசையவே இல்லை. நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவில் ஓர் இடம். அங்கே உட்கார்ந்தால் பாட்டு முடியும்வரை அங்கேயே இருப்பார். அவர் பாடி முடித்த பிறகு, அந்தச் சுருதிக்குத் தம்பூராவைப் பொருத்தினேன். அது ஓர் இலவச பிளகின். சுருதியைச் சென்ட் கணக்கில் (நாலு கட்டைக்கும் நாலரைக்கும் இடையில் 100 சென்ட்) ஏற்றி இறக்கலாம்.

பாட்டி போன வருடம் காலமானார். நினைவு நாளுக்குப் போட வேண்டும், பாட்டுகளைக் கொஞ்சம் சுத்தம் செய்து தர முடியுமா என்று பேரன் கேட்டார். "அதுக்கென்ன, இன்னைக்கே" என்று சொல்லிவிட்டு, அந்த செஷனை (டிராக்குகளும் செட்டிங்குகளும் சேர்ந்த ப்ராஜெக்டை) புதுக் கம்ப்யூட்டரில் திறந்தேன்.

ரீப்பர் ஒரு பெட்டியைக் காட்டியது. இந்த ப்ராஜெக்டில் இருந்த இந்த எஃபெக்டுகள் கிடைக்கவில்லை என்று ஒரு பட்டியல். தம்பூரா இல்லை. குரலுக்கு அறை முழக்கம் தரப் போட்டிருந்த ரிவெர்பும் இல்லை.

தம்பூரா 32 பிட் விஎஸ்டி 2 பிளகின். செஷன் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக வைத்திருந்தேன். ஆனால் பிளகின் நிரலான டிஎல்எல் ஃபைல் இருந்தது அப்போதைய கம்ப்யூட்டரின் சி டிரைவில்; அதை ஃபார்மேட் அடித்து எத்தனையோ வருடம் ஆயிற்று. அதைச் செய்தவரின் வலைத்தளமும் இப்போது இல்லை. ரிவெர்ப் காசு கொடுத்து வாங்கியது. அதே நிறுவனத்தின் புதுப் பதிப்பு என்னிடம் இருக்கிறது, ஆனால் விஎஸ்டி 3 மட்டும். பழைய விஎஸ்டி 2-க்கான செட்டிங்கை அது ஏற்கவில்லை. பெயரும் ஒன்றுதான், முகப்பும் ஒன்றுதான்; ஆனாலும் வேறு பிளகின் என்றுதான் ரீப்பர் எடுத்துக்கொள்கிறது.

ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்து ஃபைல்தான். நோட்பேடில் திறக்கலாம். திறந்தேன். தம்பூரா டிராக்குக்குக் கீழே பிளகின் பெயர், டிஎல்எல் பெயர், அதற்கும் கீழே அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் கலந்து பத்துப் பதினைந்து வரி. பாட்டியின் சுருதி அந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது. அந்த பிளகினைத் தவிர வேறு யாராலும் அதைப் படிக்க முடியாது. அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குரல் மட்டும் பத்திரமாக இருந்தது. வேவ் ஃபைல். டபுள் கிளிக் செய்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் பாடும். வேறொரு தம்பூராவை எடுத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவர் "ராரோ" என்று இழுக்கும் இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஒரு சாயங்காலம் முழுக்கக் காதாலேயே சுருதி சேர்த்தேன். நாலு கட்டைக்கு மேல் 30 சென்ட் அளவில் வந்து பொருந்தியது. இந்த முறை அந்த எண்ணை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி செஷனோடு போட்டு வைத்தேன்.

இவ்வளவும் சொல்லக் காரணம் இருக்கிறது. மாறலாமா என்று யார் கேட்டாலும் பேச்சு புது வசதிகளைப் பற்றியே போகிறது. பழைய வேலை என்ன ஆகும் என்ற பேச்சே வருவதில்லை. என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நடந்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996-இல் தன் ஒலிப்பதிவு மென்பொருளான கியூபேஸோடு விஎஸ்டியைக் கொண்டு வந்தது. 1999-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் பிளகினுக்குள் மிடி (எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற வாசிப்புக் குறிப்பு) போனது; கம்ப்யூட்டருக்குள்ளேயே வாத்தியம் வாசிக்கலாம் என்ற நிலை வந்தது. 2008-இல் விஎஸ்டி 3 வெளியானது. அதாவது நாம் இன்றைக்கும் "புதுசு" என்று சொல்வதற்கு வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. ரொம்ப நாள் யாரும் அசையவில்லை, ஏனென்றால் பழையது நன்றாகவே ஓடியது. 2018 அக்டோபரில் ஸ்டெயின்பெர்க் விஎஸ்டி 2 செய்வதற்கான உரிமத்தைப் புதிதாக யாருக்கும் தருவதை நிறுத்தியது. 2022 ஜனவரியில், தன் சொந்த மென்பொருள்களிலும் இரண்டு வருடத்துக்குள் விஎஸ்டி 2 ஆதரவை எடுத்துவிடுவதாக அறிவித்தது.

இந்த 2018 முடிவுதான் என்னைப் பொறுத்தவரை விஷயத்தைத் தீர்த்தது. பழைய ஒப்பந்தம் கையில் இருக்கும் நிறுவனங்கள் விஎஸ்டி 2 வெளியிடலாம். இன்று புதிதாக பிளகின் எழுத வரும் ஒரு பையனுக்கு அந்த வழி கிடையாது. நல்ல புது பிளகின் எது வந்தாலும் இனி பெரும்பாலும் விஎஸ்டி 3-ஆகத்தான் வரும். ஆகவே மாறத்தான் வேண்டும். எப்படி, எந்த வரிசையில் என்பதில்தான் யோசனை வேண்டும்.

"விஎஸ்டி 3-ல சவுண்டு நல்லா இருக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். உள்ளே ஒலியைச் செய்யும் கணக்கு ஒன்றுதான். அதை மென்பொருளோடு இணைக்கும் பிளக்தான் வேறு. சந்தேகம் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஒரே குரல் டிராக்கை இரண்டாக நகல் எடுங்கள். ஒன்றில் உங்கள் ஈக்யூவின் விஎஸ்டி 2, மற்றொன்றில் விஎஸ்டி 3, அதே செட்டிங். ஒரு டிராக்கில் ஃபேஸை இன்வர்ட் செய்து (ஒலி அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டும் ஒன்றேதான் என்றால் ஒன்றையொன்று அழித்துவிடும். நான் செய்த ஈக்யூவிலும் கம்ப்ரசரிலும் மீட்டர் அசையவே இல்லை. முழு நிசப்தம். ரிவெர்பில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். பல ரிவெர்புகளின் உள்ளே ஒரு சின்ன அலைவு ஓடிக்கொண்டே இருப்பதால், ஒரே பதிப்பை இரண்டு முறை ஓட்டினாலும் ஒன்றையொன்று முழுதாக அழிக்காது.

உண்மையான லாபங்களும் இருக்கின்றன. சத்தம் வராத நேரத்தில் பிளகின் கணக்குப் போடாமல் சும்மா இருக்க விஎஸ்டி 3-இல் முறையான வழி இருக்கிறது. நாற்பது டிராக் அம்மன் பாட்டில் கோரஸ் வருவது மூன்றே இடம் என்றால், மற்ற நேரத்தில் அந்த டிராக்குகள் சிபியுவைத் தின்ன வேண்டியதில்லை. பிளகினை எழுதியவர் அதை ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். ஒரு டிராக்கின் ஒலியைக் கொண்டு இன்னொன்றின் எஃபெக்டை இயக்கும் சைட்செயினுக்குத் தனி நுழைவு உண்டு. கியூபேஸ்காரர்களுக்கு இது பெரிய விடுதலை. ரீப்பரில் சேனல் 3, 4 வழியாக நாம் முன்பே செய்துகொண்டிருந்தோம். ஃபைல்கள் எல்லாம் காமன் ஃபைல்ஸுக்குள் விஎஸ்டி 3 என்ற ஒரே ஃபோல்டரில் போய் உட்காரும். விஎஸ்டி 2 ஆளுக்கொரு இடத்தில் டிஎல்எல்லைப் போட்டுவிட்டுப் போகும். அதைத் தேடியே எத்தனை ராத்திரி கழிந்திருக்கிறது.

சிக்கல் மிடியில்தான். விஎஸ்டி 2-இல் கீபோர்டு அனுப்பும் மிடி கன்ட்ரோல் அப்படியே பிளகினுக்குள் போகும். விஎஸ்டி 3-இல் அது நேராகப் போகாது. மென்பொருள் அதை பிளகினின் ஒரு பாராமீட்டராக (செட்டிங் திருகாக) மாற்றித் தர வேண்டும். கீபோர்டில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டில் கமகம் வாசிப்பவன் என்பதால் எனக்கு இதில் பயம் இருந்தது. நான் வைத்திருக்கும் வீணை, புல்லாங்குழல் இரண்டிலும் வாசித்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. மிடியையே வெளியே அனுப்பும் பிளகின்கள் சில மட்டும் தகராறு செய்தன. அவற்றை விஎஸ்டி 2-ஆகவே விட்டுவிட்டேன். ரீப்பர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டும். யாரும் நம்மைத் துரத்தவில்லை. ஆப்பிள் சிலிகான் மேக்கில் கியூபேஸை நேட்டிவாக ஓட்டுபவர்களுக்கு அந்த வசதி இல்லை. அங்கே விஎஸ்டி 3 மட்டும்தான்.

கிளாப் பற்றியும் கேட்கிறார்கள். பெர்லினைச் சேர்ந்த யு-ஹீ, பிட்விக் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து 2022 ஜூனில் வெளியிட்ட வடிவம். எம்ஐடி உரிமம், யாரிடமும் கையெழுத்து வாங்காமல் எவரும் பிளகின் எழுதலாம். சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அசைக்கும் வசதி அதில் அழகாகச் செய்திருக்கிறார்கள். ரீப்பர், பிட்விக், எஃப்எல் ஸ்டூடியோ மூன்றும் எடுத்துக்கொள்கின்றன. லாஜிக் தன் ஏயூ வடிவத்தோடும், ப்ரோ டூல்ஸ் தன் ஏஏஎக்ஸ் வடிவத்தோடும் இருக்கின்றன. எனக்குக் கிளாப் மேல் மனதார மரியாதை உண்டு. ஒரு நிறுவனம் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதை விஎஸ்டி 2-இல் பார்த்துவிட்டோம். கிளாப்பில் சாத்துவதற்குக் கதவே இல்லை. அந்த அழுத்தமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், 2025 அக்டோபரில் ஸ்டெயின்பெர்க்கும் விஎஸ்டி 3-ஐ எம்ஐடி உரிமத்துக்குக் கொண்டு வந்துவிட்டது. பிளகின் வாங்கிப் பயன்படுத்தும் நமக்கு இது நல்ல செய்தி. நான் செஷன் பரிமாறும் இரண்டு ஸ்டூடியோவும் கியூபேஸ் என்பதால் எனக்கு இப்போதைக்கு விஎஸ்டி 3 போதும்.

ஆக, என் முடிவு. புது வேலை எல்லாம் இந்த மாதத்திலிருந்து விஎஸ்டி 3. பாதியில் இருக்கும் வேலையில் கை வைக்க மாட்டேன்; மிக்ஸ் முடிந்து பணம் வரும்வரை தொடங்கியதிலேயே ஓடட்டும். பாதி மிக்ஸில் மாற்றினால் செட்டிங் மட்டும் போகாது. விஎஸ்டி 2 பாராமீட்டர்களை வரிசை எண்ணால் அடையாளம் வைத்திருக்கிறது, விஎஸ்டி 3-க்கு வேறு அடையாளம். பாட்டின் போக்கில் செட்டிங் மாறுவதற்காகப் பாடுபட்டு வரைந்த ஆட்டோமேஷன் கோடு எல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

பழைய செஷன்களுக்குத்தான் முதல் வேலை. இதற்கு முந்தைய கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, பிளகினை நம்பி இருக்கும் ஒவ்வொரு டிராக்கையும் வேவாக ரெண்டர் செய்கிறேன். எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று. மிடி இருந்தால் மிடி ஃபைல் தனியாக. பிளகினைத் திறந்து மொபைலில் ஒரு படம். சுருதி, டெம்போ ஃபைல் பெயரிலேயே. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, இருபது டிராக், எஃபெக்டோடும் இல்லாமலும் என்றால் மூன்றரை ஜிபிகூட வராது. இன்றைய ஹார்ட் டிஸ்க் விலைக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

பெரிய கம்பெனிப் பாட்டுகளைப் பாதுகாக்க ஆள் இருக்கிறது. தங்கவயல் பாட்டி பாடியதற்கு என் ஹார்ட் டிஸ்கை விட்டால் வேறு இடம் கிடையாது. அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் இப்படிச் சின்ன அறைகளில் நம் சனங்கள் பாடியது எவ்வளவோ கிடக்கிறது. தயவுசெய்து உங்கள் ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள்.

பேரனுக்குப் பென் டிரைவில் கொடுத்துவிட்டேன். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறுவதற்கு முன் ஒரு பாட்டை மொபைலில் ஏற்றிக் கேட்டிருக்கிறார். "பின்னாடி வர்ற சத்தம் முன்ன மாதிரியே இருக்குண்ணா" என்று மெசேஜ் போட்டார்.

2014, 2015 முடிந்தது. நேற்று ராத்திரி 2016-ஐத் தொடங்கினேன். அதில் ஒரு கொயர் செஷனில் ஆர்கன் பிளகின் ஒன்று கிடைக்காமல் நிற்கிறது. 32 பிட், இலவசமாகக் கொடுத்தது, இப்போது எங்கும் இல்லை. பழைய இன்ஸ்டாலர்களைச் சேர்த்து வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், பெயர் சொல்கிறேன்.