ஐந்து வருஷத் திரட்டு ஒரு வருஷக் கணக்கு ஆகாது

அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு) ஒன்றை எடுத்து, "இங்கே வருமானம் வருஷா வருஷம் ஏறுகிறது பாருங்கள்" என்று வளைகோடு போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அந்தக் கோட்டில் இருக்கும் புள்ளி எதுவும் ஒரு வருஷத்துப் புள்ளி அல்ல.

மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். நிலக்கரிச் சீமை. 1950இல் 98,887 பேர் இருந்தார்கள், 2020இல் 19,111 பேர். ஏசிஎஸ் எனப்படும் அமெரிக்க சமுதாயக் கணக்கெடுப்பு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான் ஓராண்டு மதிப்பீடு தரும். மெக்டவல் மாதிரி ஊர்களுக்கு 60 மாதப் பதில்களை ஒன்றாகக் கொட்டி எடுத்த ஐந்தாண்டு மதிப்பீடுதான். கேள்வியோ "கடந்த 12 மாதத்தில் எவ்வளவு சம்பாதித்தீர்கள்" என்பது. ஆகவே 2015–2019 என்று போட்டிருக்கும் எண்ணுக்குள் 2014 ஜனவரி வருமானமும் இருக்கிறது. எல்லாவற்றையும் 2019 டாலருக்கு மாற்றித் தருவதால் அது 2019இன் வருமானம் போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அதற்கடுத்து வெளியானது 2016–2020. இரண்டுக்கும் நான்கு வருஷம் பொது. அவற்றைக் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. 2010–2014ஐயும் 2015–2019ஐயும் ஒப்பிடலாம். அதுவும் பிழை வரம்பை, அதாவது சிலரை மட்டுமே கேட்டு எடுப்பதால் எண் கூடவோ குறையவோ இருக்கக்கூடிய அளவை, பார்த்த பிறகு. கற்பனையாக, இடைநிலை வருமானம் (பாதிக் குடித்தனம் அதற்கு மேலே, பாதி அதற்குக் கீழே) முதலாவதில் 28,000 டாலர், பிழை வரம்பு 3,500; இரண்டாவதில் 31,000, பிழை வரம்பு 3,800 என்று வையுங்கள். இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 5,170. வித்தியாசம் 3,000தான். 90 சதவீத நம்பிக்கை அளவில் அது ஏற்றம் என்று சொல்ல முடியாது. சின்னக் கவுண்டிகளில் இதுதான் வழக்கம். 2020இல் 64 பேரே இருந்த டெக்சஸின் லவ்விங் கவுண்டிக்கெல்லாம் இடைநிலை வருமானம் எழுதுகிறவர்களின் துணிச்சலை என்ன சொல்ல!

பழைய புள்ளிகள் 2000 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நீள்படிவத்திலிருந்து வருகின்றன. ஏறக்குறைய ஆறு வீட்டுக்கு ஒரு வீடு நிரப்பிய படிவம் அது. 2000 கணக்கெடுப்பு கேட்டது 1999 வருமானம், 1990 கேட்டது 1989 வருமானம். இந்த ஒரு வருஷத்தை மறந்தால் பணவீக்கத் திருத்தமும் தவறிப்போகும். மெக்டவலின் இடைநிலைக் குடித்தன வருமானம் 1999இல் 16,931 டாலர். 2006–2010 மதிப்பீட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். பார்த்தால் நல்ல ஏற்றம். நுகர்வோர் விலைக் குறியீடு 1999இல் 166.6, 2010இல் 218.056. 16,931ஐ 218.056ஆல் பெருக்கி 166.6ஆல் வகுத்தால் சுமார் 22,160. ஏற்றம் முழுதும் விலைவாசி தின்றுவிட்டது. 1979, 1989 புள்ளிகளுக்குப் போகும்போது மட்டும் சாதாரணக் குறியீட்டை விட்டுவிட்டு, குறியீட்டைக் கணக்கிடும் முறையில் வந்த மாற்றங்களைப் பின்னோக்கித் திருத்திய ஆய்வுத் தொடரை (CPI-U-RS) பிடியுங்கள்.

வருஷா வருஷம் எண் வேண்டும் என்றால் சேய்ப் (SAIPE) எனப்படும் சிறு பகுதி வருமான, வறுமை மதிப்பீடு இருக்கிறது. வரிக் கணக்குகள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை போன்றவற்றை ஏசிஎஸ்ஸோடு சேர்த்துப் புள்ளியியல் சூத்திரத்தில் ஓட்டி எடுப்பது. என்னைக் கேட்டால் கிராமக் கவுண்டிக்கு இதுதான் முதல் தேர்வு. ஆனால் 2005இலிருந்துதான் அதற்கு ஏசிஎஸ் அடிப்படை; அதற்கு முன் வேறு கணக்கெடுப்பு. 2004க்கும் 2005க்கும் இடையே தெரியும் குதிப்பு ஊரில் நடந்ததாக இல்லாமலும் இருக்கலாம். தவிர, அதில் வருவது அந்தந்த வருஷத்து டாலர். பணவீக்கத்தை நீங்களேதான் கழிக்க வேண்டும்.

இரண்டு கவுண்டிகளைச் சேர்த்துப் பார்க்க விரும்பினால் இரண்டு இடைநிலைகளின் சராசரியை எடுக்காதீர்கள். வருமான அடுக்கு வாரியான அட்டவணையைக் கூட்டுங்கள். மொத்தம் 4,000 குடித்தனம், பாதி 2,000. 25,000க்குக் கீழே 1,700, அடுத்த 5,000 டாலர் அடுக்கில் 500 என்றால், 25,000 + (300/500) × 5,000 = 28,000.

குடித்தனம் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தனியாளாக வாழும் மூதாட்டியும் ஒரு குடித்தனம். 'குடும்பம்' என்ற வேறு அட்டவணையில் அவர் வரமாட்டார், அதனால்தான் அந்த எண் பொதுவாக உயர்ந்திருக்கும். இளசுகள் வெளியேறி ஓய்வூதியக்காரர்கள் மிஞ்சும் ஊரில், ஒருவருக்கும் வருமானம் குறையாமலே இடைநிலை இறங்கும். உணவு உதவி வருமானத்தில் சேராது. மெக்டவலில் 2010இல் திறந்த மத்தியச் சிறையின் கைதிகள் குடித்தனக் கணக்கில் இல்லை, தலா வருமானக் கணக்கில் மட்டும் இருக்கிறார்கள். அதனால் இரண்டு கோடுகளும் வெவ்வேறு பக்கம் போகலாம்.

கடைசியாக, கோப்புகளை இணைக்கும்போது கவுண்டிக் குறியீட்டைச் சரிபாருங்கள். தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுண்டி 2015இல் ஒக்லாலா லகோட்டா ஆனபோது 46113 என்ற எண் 46102 ஆனது. கவனிக்காமல் இணைத்தால் பழைய ஊர் பாதியில் காணாமல் போகும், புது ஊர் திடீரென்று முளைக்கும்.