பாலத்தைக் கடக்கப் பதினெட்டு மணி நேரம்

(பினாங்கு, ஜார்ஜ் டவுன். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வள்ளியின் பூக்கடை. 1833ஆம் ஆண்டிலிருந்து அந்தத் தெருவின் முறையீடுகளை அம்மன் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நேரமில்லாதபோது, பக்கத்தில் நாணயம் மாற்றும் கடை வைத்திருக்கும் காசிம் பாய் கேட்பார். வியாழன் மாலை. வள்ளி மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டும் வேகத்தைப் பார்த்தால் யார்மீதோ கோபம் என்று தெரிகிறது.)

வள்ளி: நாளைக் காலை என் கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், பாய். பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். தலைமையாசிரியரை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

பாய்: நாளை வெள்ளிக்கிழமை. உனக்குப் பூ வியாபாரம், எனக்கு ஜும்ஆ தொழுகை. சண்டையைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளேன். அப்படி என்ன நடந்தது?

வள்ளி: சின்னவன் கணக்கில் 31 வாங்கியிருக்கிறான். இடைநிலைப்பள்ளி இரண்டாம் படிவத்திலேயே இந்த லட்சணம். அந்த வாத்தியார் உண்மையில் உடற்கல்வி வாத்தியாராம். கணக்குக்கு ஆள் இல்லை என்று, விசில் பிடித்த கையில் மார்க்கர் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள்.

பாய்: எப்படி நடத்துகிறாராம்?

வள்ளி: உள்ளே வந்ததும் புத்தகத்தில் இருப்பதைப் பலகையில் எழுதுவாராம். பேசுவதும் பலகையோடுதான். மணி அடிக்கும் நேரத்தில் திரும்பி, "புரிந்ததா?" என்பாராம். வகுப்பே "புரிந்தது" என்று கத்துமாம்.

பாய்: புரியவில்லை என்று ஒரு பிள்ளையாவது சொல்லக் கூடாதா?

வள்ளி: போன மாதம் ஒருவன் சொன்னானாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதே வரிகளை அதே வேகத்தில், இன்னும் கொஞ்சம் உரக்கப் படித்தாராம்.

பாய்: ஆள் எப்படி?

வள்ளி: அதுதான் என் வயிற்றெரிச்சலே. தங்கமான மனிதர். பந்து விளையாடி முடித்தால் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் மைலோ வாங்கித் தருகிறார். நிம்மதியாகத் திட்டக்கூட வழி வைக்கவில்லை.

பாய்: நோட்டைக் கொண்டுவந்திருக்கிறாயா?

(வாழையிலைக் கட்டுக்கு அடியிலிருந்து நோட்டு வருகிறது. அட்டையில் பூவாளித் தண்ணீர் பட்டு ஊறியிருக்கிறது. பாய் கள்ள நோட்டைச் சோதிப்பதுபோல் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். தொழில் புத்தி.)

பாய்: "பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும்?" உன் மகன் பெருக்கியிருக்கிறான். 1080 நிமிடம்.

வள்ளி: பெருக்கல் சரியா?

பாய்: பெருக்கலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் 1080 நிமிடம் என்றால் 18 மணி நேரம். 1985இல் அந்தப் பாலத்தைத் திறந்த நாளிலிருந்து இப்படியொரு நெரிசலை யாரும் கண்டதில்லை.

வள்ளி: பெருநாள் சமயமாக இருக்கலாம்.

பாய்: பெருநாளானாலும் சரி, தைப்பூசமானாலும் சரி. அந்த நேரத்துக்குள் சிங்கப்பூருக்கே போய்த் திரும்பிவிடலாம். தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டும், வள்ளி. பத்து நிமிடம், கொஞ்சம் சொச்சம்.

வள்ளி: கீழே வாத்தியார் "நன்று" என்று முத்திரை குத்தியிருக்கிறாரே!

பாய்: முத்திரை எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. இதோ, ஒன்றுமே எழுதாத பக்கத்திலும் இருக்கிறது.

வள்ளி: அந்தப் பக்கத்தில் தப்பு இல்லைதானே.

(பாய் சிறிது நேரம் யோசிக்கிறார். மறுக்க முடியவில்லை.)

வள்ளி: உண்மையைச் சொல்லுங்கள். என் பிள்ளை மக்கா?

பாய்: மக்காவது! அன்றைக்குப் பேரங்காடியில் 18 ரிங்கிட் 92 சென் பில் வந்தது. ரொக்கமாகக் கொடுத்தால் 18.90தான் என்று இயந்திரம் சொல்வதற்கு முன்னால் அவன் சொன்னான். 2008இல் ஒரு சென் காசை நிறுத்தியதிலிருந்து எனக்கே அந்தக் கணக்குத் தடுமாறுகிறது. இரு, இதைப் பார். 2எக்ஸ் கூட்டல் 6, அதன் கீழே 2. விடை எக்ஸ் கூட்டல் 6 என்று போட்டிருக்கிறான்.

வள்ளி: எக்ஸ் என்பது யார் என்று நான் படித்த காலத்திலேயே எனக்குத் தெரியாது.

பாய்: எக்ஸை மாலை என்று வைத்துக்கொள். உன்னிடம் இரண்டு மாலை, ஆறு ரோஜா. இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கு போடு.

வள்ளி: ஆளுக்கு ஒரு மாலை, மூன்று ரோஜா. இதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

பாய்: உன் மகன் ஆளுக்கு ஒரு மாலையும் ஆறு ரோஜாவும் கொடுத்திருக்கிறான்.

வள்ளி: அப்படியானால் பன்னிரண்டு ரோஜா ஆகிறதே! மீதி ஆறு எவன் வீட்டுப் பூ? (நூலைக் கீழே வைக்கிறாள்.) போன தீபாவளிக்குக் கடையை இவனிடம்தான் விட்டுவிட்டுப் போனேன்!

பாய்: தீபாவளிக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். மேலே ஒரு 2, கீழே ஒரு 2. கண்டதும் இரண்டையும் அடித்துவிட்டான். அந்த ஆறுக்கும் பங்கு உண்டு என்பது தெரியவில்லை. இது இந்த வருடத்துப் பாடத்தில் வந்த தப்பு இல்லை. பின்னத்திலேயே விழுந்த ஓட்டை.

வள்ளி: தமிழ்ப்பள்ளியில் பின்னம் நன்றாகப் போட்டானே.

பாய்: போட்டான். இடைநிலைப்பள்ளியில் அது மலாய்மொழியில் வந்ததும் வேறு யாரோ என்று நினைத்து வணக்கம் சொல்லாமல் வந்துவிட்டான். அவன் ஆறாம் ஆண்டு முடித்தபோது யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வும் இல்லை. 2021இலேயே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மூன்றாம் படிவத் தேர்வான பிடி3ஐயும் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் ஓட்டை எங்கே என்று தேடுகிற வேலை நம் தலையில் விழுந்துவிட்டது.

வள்ளி: அப்போது வாத்தியார்மேல் தப்பே இல்லையா?

பாய்: மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆனால் நாளைக்கே புது வாத்தியார் வந்தாலும் அடுத்த பாடத்திலிருந்துதான் தொடங்குவார். பின்னத்துக்கு யார் திரும்பிப் போவது? முதலாம் படிவப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா?

வள்ளி: அது இரவல் புத்தகம் அல்லவா? வருடக் கடைசியிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று.

பாய்: பிடிஎஃபாகக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

வள்ளி: பேசாமல் டியூஷனில் சேர்த்துவிடுகிறேனே.

பாய்: சேர். அங்கேயும் கூட்டத்தோடு "புரிந்தது" என்று கத்துவான். முதலில் இதைச் செய். தினமும் ராத்திரி ஒரே ஒரு கணக்கு. அதை அவன் உனக்குச் சொல்லித்தர வேண்டும்.

வள்ளி: எனக்குத்தான் ஒன்றும் புரியாதே!

பாய்: அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். புரியாமல் தலையாட்டாத ஒரு ஆள் அந்தப் பிள்ளைக்கு இதுவரை கிடைக்கவில்லை. நீ சுலபத்தில் தலையாட்ட மாட்டாய் என்பது பூ மொத்த வியாபாரிகளுக்கே தெரியும். விடை வந்ததும், "இது நடக்கிற காரியமா?" என்று மட்டும் கேள். பாலத்தின் நடுவில் பதினெட்டு மணி நேரம் நிற்கிற காரை அவனே தள்ளிக்கொண்டு வந்துவிடுவான்.

வள்ளி: சரி. ஆனால் வாத்தியாரிடம் நான் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. (கைப்பேசியில் விடுவிடுவென்று தட்டிவிட்டு நீட்டுகிறாள்.)

பாய்: (படித்து) "பலகையோடு குடித்தனம் நடத்துகிறீர்கள்." இதை எடுத்துவிடு. "விசிலை மட்டும் ஊதுங்கள்." இதையும் எடு. "வணக்கம்." இது இருக்கட்டும்.

வள்ளி: வணக்கத்தை மட்டுமா அனுப்பச் சொல்கிறீர்கள்?

பாய்: இந்த இரண்டு கணக்கையும் படம் பிடித்து அனுப்பு. இவன் எந்த வரியில் தவறினான் என்று கேள். முத்திரையைப் பற்றி மூச்சு விடாதே. அது படத்திலேயே இருக்கிறது.

(அனுப்புகிறாள். ஒருவர் வந்து ஐந்து முழம் மல்லிகை கேட்கிறார். அளந்து கொடுப்பதற்குள் கைப்பேசி சிணுங்குகிறது.)

வள்ளி: பதில் போட்டுவிட்டார், பாய்! "பாலக் கணக்கைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். இரண்டாவது கணக்கில் எனக்கும் கொஞ்சம் சந்தேகம் வருகிறது. புதன்கிழமை பந்துப் பயிற்சிக்கு முன்னால் அவனை வரச் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்கிறோம்."

பாய்: யோக்கியமான மனிதர்தான். அதற்குள் மாலையையும் ரோஜாவையும் உன் மகனுக்கு நன்றாகப் பதியவைத்துவிடு.

வள்ளி: அப்படியானால் புதன்கிழமை என் மகன்தான் அவருக்குச் சொல்லிக்கொடுப்பானா?

பாய்: போகிற போக்கைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

வள்ளி: அப்போது அந்த "நன்று" முத்திரை யார் கையில் இருக்கும், பாய்?