நாய்க்குக்கூடப் பேர் வெட்டிய ஊர் இது

முதல் உலகப் போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு நம் ஊர்களில் பதித்துவிட்டுப் போன சின்னக் கல்வெட்டுகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 மகா யுத்தத்துக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அவ்வளவுதான். ஒரு பெயர் கிடையாது.

சுண்ணாம்புக்கும் போஸ்டருக்கும் அடியில் கிடக்கும் இவற்றை மீட்க யாராவது கிளம்பினால் சந்தோஷம்தான். ஆனால் ஆசிட்டும் கம்பி பிரஷுமாகப் போகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆசிட் பளிங்கைக் கரைக்கும். கம்பி எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு மேல்பரப்பு பொரிந்து உதிரும். நல்ல தண்ணீர், மெத்தென்ற பிரஷ், மரக்குச்சி, நிறைய பொறுமை போதும். எழுத்து தெரியவில்லையா? இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். தேய்ந்த வெட்டும் நிழல் காட்டும்.

சரி, கல் சுத்தமாகிவிட்டது. படம் எடுத்துப் போட்டாயிற்று. பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறோம், என் வருத்தமே அதுதான். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. திருடர்களைக் கடித்துக் காவல் காத்த நாய்க்கு அதில் கோவிவன் என்று பேரோடு இடம் கொடுத்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில்! ஆயிரத்து முந்நூறு வருடம் கழித்து கடல் தாண்டிச் செத்தவனுக்கு வெறும் எண்ணிக்கை. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இதே கதை: இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர், அவ்வளவே. இந்த மாதிரி பாகுபாட்டுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் மன்னிப்புக் கேட்டது.

போரில் இறந்தவர்களுக்கு அந்த ஆணையம் வைத்திருக்கும் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் இருக்கும். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் கடித்துத் துப்பியிருப்பான் என்று யோசித்து, நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேட வேண்டும். உயிரோடு திரும்பியவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஊர்ப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கிடைத்த பெயர்களைப் பழைய கல்லில் வெட்டாதீர்கள். அதன் கஞ்சத்தனமும் சேர்ந்துதான் அது ஆவணம். பக்கத்தில் தனியாக ஒரு பலகை வையுங்கள், தமிழில். உபயதாரர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றால், பலகையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும்.